மிதவை வீடு: சொல் விளக்கம்

நகரங்களின் நீர்முகப்பு ஒழுங்குவிதிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர், 'ஹவுஸ்போட்', 'புளோட்டிங் ஹோம்' என்னும் இரண்டையும் 'படகு வீடு' என்று ஒரே பெயரால் குறித்துவிடுகின்றனர். பேச்சு வழக்கில் இதனால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் விதிகளைப் பொறுத்தவரை இவை வெவ்வேறு பொருள்கள். முன்னது, குடியிருக்க ஏற்றவாறு அமைத்த படகு. பின்னது, மரத்தடிகளாலோ கான்கிரீட்டாலோ ஆன மிதவையின் மேல் எழுப்பி, கரையோடு பிணைத்து, மின்கம்பியும் கழிவுநீர்க் குழாயும் இணைத்த வீடு. வேறொரு கலம் இழுத்தாலொழிய அது இடம்பெயராது.

இரு சொல் சேர்ந்த தமிழ்த் தொகைச்சொற்களில் பொருள் பெரும்பாலும் பின்மொழியிலேயே, அதாவது பின்னால் வரும் சொல்லிலேயே, நிற்கும். 'மரப்பெட்டி' என்பது பெட்டியைத்தான் குறிக்கிறது, மரத்தை அன்று. அவ்வாறே 'ஹவுஸ்போட்' என்ற ஆங்கிலத் தொகையும் படகில்தான் முடிகிறது. அதைப் 'படகு வீடு' என்று புரட்டிப் போட்டது நம் வழக்கு. 'வீட்டுப் படகு' என்பதே அதற்குச் சரியான வடிவம். 'படகு இல்லம்' இன்னும் குழப்பமானது. சுற்றுலாத் தலங்களில் படகுச் சவாரிக்குச் சீட்டு வாங்கும் இடத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

பின்மொழி படகா வீடா என்பது வெறும் இலக்கணக் கேள்வி அன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற கேள்வி. புளோரிடாவின் ரிவியரா பீச் நகரம், தன் படகுத்துறையில் பிணைத்திருந்த ஒரு மிதக்கும் குடியிருப்பின் மீது கட்டண நிலுவைக்காகக் கடல்சார் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்து, அதை ஏலத்தில் தானே எடுத்து அழித்தும்விட்டது. கடல்சார் சட்டம் அதற்குப் பொருந்த அது 'கலம்' ஆக இருக்க வேண்டும். நீரில் போக்குவரத்துக்குப் பயன்படுகிற அல்லது பயன்படக்கூடிய எதுவும் 'கலம்' என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறை. சுக்கானும் உந்துபொறியும் இல்லாத, பார்த்த மாத்திரத்தில் ஆட்களையோ பொருள்களையோ ஏற்றிச் செல்வதற்காக அமைத்தது என்று எவரும் கருத முடியாத ஒரு வீடு அந்த வரையறைக்குள் வராது என்று 2013 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளிக்க, இருவர் மாறுபட்டனர். வீட்டை இழந்தபின் உரிமையாளருக்குக் கிடைத்த வெற்றி அது.

சியாட்டில் நகரம் அமைந்துள்ள வாஷிங்டன் மாநிலம் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது: மிதவையின் மேல் கட்டி நீரில் நிலைநிறுத்திய, இழுத்துச் செல்ல இயன்றாலும் கலம் ஆகாத, ஒரு குடும்பத்துக்கான குடியிருப்பே 'புளோட்டிங் ஹோம்'. 2011 ஜனவரி 1க்கு முன் முறையாக நிறுவியவற்றை விதிக்கு இணங்கிய பயன்பாடாகவே உள்ளாட்சிகள் ஏற்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

நெதர்லாந்தில் இதே வேறுபாடு உரிமையாளர்களுக்குத் தலைவலியாக வந்தது. ஒரே இடத்தில் நிலையாக இருப்பதற்கென வைத்த குடியிருப்புப் படகும் கட்டடமே என்று 2014இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் கூறிவிட, அதுவரை உள்ளாட்சியின் நிறுத்துமிட உரிமத்தை மட்டும் வைத்திருந்தவர்கள் கட்டட விதிகளின் கீழ் வந்து நின்றனர். பழைய உரிமங்களைக் காப்பாற்றத் தனிச் சட்டம் ஒன்று 2018 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

'புளோட்டிங் ஹோம்' என்பதற்கு 'மிதக்கும் வீடு' என்பது எளிய பெயர்தான். ஆனால் அது மிதக்கும் செயலை மட்டுமே சொல்கிறது. 'மிதவை வீடு' என்றால் வீடு எதன் மேல் நிற்கிறது என்பதும் தெரிகிறது. வாஷிங்டன் வரையறையின் மையமும் அந்த மிதவைதான். 'மித' என்னும் வினையடியாகப் பிறந்த 'மிதவை' தெப்பத்தையும் படகையும் குறிக்கும். அதே வடிவம் சங்கப் பாடல்களில் கூழைக் குறித்தும் வருகிறது. புறநானூற்று 215ஆம் பாடலின் 'அம்புளி மிதவை' உண்ணும் பொருள். கூழ்ப்பொருள் வழக்கொழிந்துவிட்டதால் இன்று மயக்கத்துக்கு இடமில்லை. 'புணை' என்பதும் பழமையான நல்ல சொல். எனினும் நீர் இழுத்த வழியே செல்லும் தெப்பமாகவே அது நம் நினைவில் இருப்பதால், அசையாமல் பிணைத்த வீட்டுக்கு ஒட்டவில்லை.

இவ்விதிகளில் அடிக்கடி வரும் 'மூரேஜ்' என்பதற்கும், அதாவது மிதவை வீட்டைப் பிணைத்து வைக்கும் இடத்துக்கும், ஒரு சொல் வேண்டும். வீடு ஒருவருடையதாகவும், அதைப் பிணைத்திருக்கும் நீர்ப்பகுதி வேறொருவருடையதாகவும் இருப்பதுண்டு. வாடகைச் சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. 'துறை' பலர் வந்துபோகும் இடம் என்பதால், ஒரு வீட்டுக்கு உரிய அந்த இடத்தைப் 'பிணைப்பிடம்' என்றும், அதற்கான அனுமதியைப் 'பிணைப்பிட உரிமம்' என்றும் சொல்லலாம்.