ராடு எடுக்கும் முன் காந்தத்தை எடுங்கள்

களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் மீன் கடை ஃப்ரீசர் குளிரவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "போன மழைக்குத்தான் கேஸ் அடிச்சது, திரும்பவும் போச்சு அண்ணே." கேஸ் தானாகத் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றுகிற கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது. கடைசியாகப் பற்றவைத்த ஜாயின்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அதிலும் கம்ப்ரசர் ஓரத்தை.

கம்ப்ரசரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் செம்பு நிறத்தில் இருக்கும். பல மாடல்களில் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. நிறத்தை நம்பி பாஸ்பர் ராடு (குழாய்களை ஒட்ட உருக்கும், பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி) வைத்தால் அது உருகிப் பளபளவென்று ஒட்டவும் செய்யும், அன்றைக்குச் சோப்பு நுரையில் குமிழும் வராது. ஆனால் ராடில் இருக்கும் பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து, சட்டென்று நொறுங்கும் ஒரு படலத்தை நடுவில் உண்டாக்கிவிடும். கம்ப்ரசர் அதிர அதிர அதில் மயிரிழை விரிசல் விழும். கேஸ் போகும். பையில் ஒரு சின்னக் காந்தம் போதும்: குழாயில் ஒட்டினால் இரும்பு, அங்கே பாஸ்பரஸ் இல்லாத, வெள்ளி கலந்த சில்வர் ராடும், சூட்டில் உலோகத்தில் படியும் கறையை நீக்கும் ஃபிளக்ஸும்தான். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் குழாயையும் இப்படியே பார்த்துவிடுங்கள்.

செம்போடு செம்பு சேர்க்க பாஸ்பர் ராடே நல்லது. 93 சதவீதம் செம்பு, 7 சதவீதம் பாஸ்பரஸ் உள்ள ராடுக்கு அங்கே ஃபிளக்ஸ் தேவையில்லை, அந்த வேலையை பாஸ்பரஸே செய்துவிடும். ஒரு பக்கம் பித்தளை என்றால் ஃபிளக்ஸ் வேண்டும். இந்த ராடு தண்ணீராக ஓடும், இறுக்கமான ஜாயின்டுக்கு அதுதான் வசதி. குழாய் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் 15 சதவீதம் வெள்ளி கலந்த பாஸ்பர் ராடு வாங்குங்கள். அது ஏறத்தாழ 645 டிகிரியில் இளகத் தொடங்கி 800 வரை குழம்பாக நிற்பதால் இடைவெளியை நிரப்பும். ஆனால் வெள்ளி இருக்கிறதே என்று இதை இரும்பில் வைத்துவிடாதீர்கள், இதிலும் பாஸ்பரஸ் உண்டு.

கேப்பிலரியை (கேஸ் போகும் மெல்லிய குழாய்) டிரையருக்குள் (கேஸில் உள்ள ஈரத்தைப் பிடிக்கும் உருளை) நுனி மட்டும் செருகிப் பற்றவைத்தால் உருகிய ராடு அதன் துளையையே அடைத்துவிடும். ஆழமாகச் செருகுங்கள், டிரையர் வலையில் முட்டவும் விடாதீர்கள்.

சில்வர் ராடு விலை கூடுதல், உண்மைதான். விலை குறைத்துத் தருகிறார்கள் என்று காட்மியம் கலந்ததை வாங்கிவிடாதீர்கள். சீக்கிரம் உருகும், வேலைக்குச் சுகம், ஆனால் அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். கடை மூலையில் குனிந்து வேலை செய்கிறவர் மூக்கில்தான் முதலில் ஏறும். காட்மியம் இல்லாத 45 சதவீத வெள்ளி ராடு 665 முதல் 745 டிகிரிக்குள் உருகிவிடும். அதற்கு வெறும் வெங்காரம் போட்டால் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வெங்காரம் உருகவே 740 டிகிரிக்கு மேல் ஆகும், அதற்குள் ராடு உருகி உருண்டு விழுந்திருக்கும். சில்வர் ராடுக்கென்று விற்கும் ஃபிளக்ஸை வாங்குங்கள், வேலை முடிந்ததும் வெந்நீரில் கழுவிவிடுங்கள். விட்டுவைத்தால் குழாயை அரிக்கும்.

அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதில் மேலே சொன்ன எந்த ராடும் ஆகாது. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த தனி ராடு இருக்கிறது. அலுமினியமும் செம்பும் சேரும் ஜாயின்டில் கடல் காற்றும் மீன் கழுவின உப்புத் தண்ணீரும் பட்டால் அலுமினியம்தான் அரித்துப்போகும். பற்றவைத்த பிறகு ஈரம் படாதபடி அதன்மேல் சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு மூடிவிடுங்கள்.