பொட்டாசியம் போவது கால்வாயிலா, தூம்பிலா?

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கான தமிழ்த் தாள் ஒன்றில் 'கால்சியம் அலைவரிசைத் தடுப்பான்' என்று அச்சிட்டிருந்தார்கள். தொலைக்காட்சிச் சானலுக்கான சொல் அது. நம் சிங்கப்பூர் வழக்குப்படி 'கால்சியம் ஒளிவழி' என்று போடாமல் விட்டார்களே, அதுவரை லாபம். இதையாவது மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் தலையில் கட்டிவிடலாம். செல்லின் சவ்வில் திறந்து மூடி, அயனிகளை, அதாவது மின்னேற்றமுள்ள அணுக்களை, உள்ளும் புறமும் விடும் புரதத்துக்கு ஆங்கிலத்தில் 'சானல்' என்று பெயர். அதைப் படித்தவர்கள் கூசாமல் 'பொட்டாசியம் கால்வாய்' என்று எழுதுவதை யார் தலையில் கட்டுவது?

சொல்லின் மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'கன்னா' என்றால் நாணல். அதிலிருந்து 'கனாலிஸ்', குழாய். அது பிரெஞ்சு வழியே ஆங்கிலம் போய்ச் 'சானல்', 'கெனால்' என இரண்டானது. நாமோ இரண்டையும் கால்வாய் என்றே கட்டிவைத்தோம். வெட்டிய சூயஸும் கால்வாய், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே தானாகக் கிடக்கும் கடலும் கால்வாய்! 'பொட்டாசியம்' சாம்பல் உப்பான பொட்டாஷிலிருந்து வந்தது. டேவி 1807இல் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். அது அப்படியே இருக்கட்டும். தனிமத்தின் பெயரைத் தமிழாக்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

கால்வாய் என்றதும் இங்குள்ளவர்களுக்கு நினைவு வருவது புக்கிட் தீமா கால்வாய். மேலே திறந்தது, தரையோடு நீள்வது, மழை எதைத் தள்ளிவந்தாலும் வாங்கிக்கொள்வது. செல் சவ்வில் இருப்பது இந்த மூன்றுமே இல்லை. நான்கு புரத அலகுகள் வட்டமாகக் கூடி, சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கின்றன. உள்ளே ஒரு குறுகலான வடிகட்டி. அதன் சுவரில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியம் அயனியைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சோடியம் அயனி இன்னும் சிறியது. ஆனால் அந்த ஆக்சிஜன்கள் அதற்கு எட்டாது, நீரை இழந்த நட்டத்தை ஈடுகட்ட முடியாது. ஆகவே சுமார் 10,000 பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம்தான் நுழைகிறது. இவ்வளவு கறாராக இருந்துகொண்டே நொடிக்கு 10 கோடி அயனிகள் வரை விடுகிறது. இந்த அமைப்பை 1998இல் ஒரு பாக்டீரியப் புரதத்தில் படம்பிடித்துக் காட்டிய ராடரிக் மெக்கின்னனுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இதைப் போய்க் கால்வாய் என்பதா?

'அயனித் தடம்' என்பவர்களும் உண்டு. தடம் மண்ணில் பதிவது. அதற்குத் துளையும் இல்லை, கதவும் இல்லை. 'புழை' கொஞ்சம் தேவலை. யானையின் துதிக்கையைப் புழைக்கை என்றார்கள், உட்டுளை உள்ள கை என்பதால். ஆனால் புழையை இங்கே செலவழித்துவிட்டால், புரதத்தின் நடுவே ஓடும் துளையை எப்படிச் சொல்வது? 'புழையின் புழை' என்றா? இந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்வதில்லை. தூய தமிழ் என்ற பெருமையே போதும் என்றிருக்கிறார்கள்.

என் வாக்கு தூம்புக்கு. மலைபடுகடாத்தில் அது ஊதுகருவி. ஏரிக்கரையில் நீரை அளந்துவிடும் மதகு. குழாயும் கதவும் ஒரே சொல்லில். குமிழித் தூம்பில் துளையை அடைக்க ஒரு கட்டை உண்டு, அதைத் தூக்கினால் நீர் பாயும். பழ ஈயிடம் உள்ள, 'ஷேக்கர்' எனப்படும் பொட்டாசியம் தூம்பிலும் புரதத்தின் ஒரு முனை உருண்டைபோல் வந்து துளையை உள்பக்கமாக அடைப்பதை 1990இல் காட்டினார்கள்.

'தூம்பு யாருக்குப் புரியும்?' என்பார்கள். நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கால்வாய் மட்டும் புரிந்துவிட்டதா? தவறான படத்தை மனதில் பதிப்பதைவிட, தெரியாத சொல்லுக்கு ஒரு வரி விளக்கம் எழுதுவது மேல். நீரிழிவுக்குக் கிளிபிசைடு எடுப்பவருக்கு 'இது கணையத்தில் பொட்டாசியம் கால்வாயை மூடும்' என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ அடைப்பு என்று பயந்துவிடுவார். 'தூம்பு மூடினால் உள்ளே மின்னழுத்தம் மாறும், அதனால் கால்சியம் தூம்பு திறக்கும், இன்சுலின் வெளிவரும்' என்றால் மருந்தின் வேலை விளங்கிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லோடு எழுந்துபோய்விடுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது பொருளைப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. அந்தத் தாளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கால்சியம் தூம்படைப்பான்.