அரசு ஒப்பந்தமா? கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரியைப் பாருங்கள்

"வேலையை ஆரம்பிங்க, பேப்பர் பின்னாடியே வரும்." அதிகாரியின் இந்த ஒரு வார்த்தையை நம்பிக் கடன் வாங்கி வேலையை முடித்த சின்ன ஒப்பந்ததாரர்கள் பில் தொகைக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். அதனால்தான் அரசியலமைப்புச் சட்டத்தின் 299-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பிரிவின்படி, மத்திய அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் பெயரிலும், மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரிலும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுபவர் அதற்கு அதிகாரம் அளிக்கப்பட்டவராக இருக்க வேண்டும், அதையும் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் சார்பில் போட வேண்டும். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் ஆகாது. அதற்காக முத்திரைத்தாளில் பெரிய பத்திரம்தான் வேண்டும் என்பதில்லை. டெண்டரும், அதை ஏற்று உரிய அதிகாரி ஆளுநர் சார்பில் முறைப்படி அனுப்பிய கடிதமும் சேர்ந்தே ஒப்பந்தமாக முடியும். ஆக, "ஆளுநருக்காகவும் அவர் சார்பிலும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பதவி முத்திரை போதாது.

பிக்ராஜ் ஜெய்ப்பூரியா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1943-இல் ரயில்வேயின் கோட்டக் கண்காணிப்பாளர் ஒருவர் ஜெய்ப்பூரியாவிடம் தானியத்துக்கு ஆர்டர் கொடுத்தார். ரயில்வே கொஞ்சம் வாங்கிக்கொண்டு மீதியை மறுத்தது. ஆர்டர்கள் அன்றைய மத்திய அரசின் தலைவரான கவர்னர் ஜெனரல் பெயரில் இல்லாததால், அந்த ஒப்பந்தம் அரசைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது இருந்தது 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 175(3) பிரிவு. இன்றைய 299-க்கு அதுதான் மூலம்.

பொதுப்பணத்தை எந்த அதிகாரியும் இஷ்டத்துக்கு அடகு வைத்துவிடக் கூடாது என்பதே விதியின் நோக்கம். நியாயமானதுதான். ஆனால் அடிபடுவது பெரும்பாலும் எளியவர்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

சரி, ஒப்பந்தம் செல்லாது என்றால் செய்த வேலைக்குக் காசே கிடையாதா? உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இங்கே கைகொடுக்கும். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி செய்த வேலையின் பலனை அரசு அனுபவித்திருந்தால் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். வங்காளத்தில் அதிகாரிகள் கேட்டபடி கிடங்குகளும் மண்சாலையும் போட்டுக் கொடுத்த பி.கே. மண்டல் நிறுவனத்துக்கு இந்த வழியில்தான் பணம் கிடைத்தது. ஆனால் அரசு ஏற்றுப் பயன்படுத்தியதற்கு மட்டுமே ஈடு. எதிர்பார்த்த லாபத்தைக் கேட்க முடியாது.

நகராட்சி, அரசு நிறுவனங்களுக்கு 299 பொருந்தாது, அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.

வழக்குப் போடுவதற்கு முன் பொதுவாக உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம், பொருளை வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகம்) பதிவின் நகல் இரண்டையும் வேலை நடக்கும்போதே வாங்கி வையுங்கள். அரசு பலனை அனுபவித்தது என்று காட்ட உங்கள் கையில் இருப்பவை அவைதான்.