ஏ.டி.ஐ. – 'ஏற்கத்தக்க' அளவு என்றால் என்ன?

2023 ஜூலையில் அஸ்பார்டேம் செய்திகளில் அடிபட்டது. டயட் குளிர்பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உண்டு' என்ற 2பி பிரிவில் வைத்தது. கூடவே, உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் சர்வதேச நிபுணர் குழுவான ஜெக்ஃபா, பழைய ஏ.டி.ஐ.யை மாற்றத் தேவையில்லை என்றது. உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம்.

ஏ.டி.ஐ. என்பது 'அக்செப்டபிள் டெய்லி இன்டேக்' என்பதன் சுருக்கம். ஒரு பொருளை ஆயுள் முழுக்க நாள்தோறும் உட்கொண்டாலும் குறிப்பிடத்தக்க தீங்கு வராது என்று கணிக்கப்படும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அஸ்பார்டேம் 2,400 மில்லிகிராம். ஒரு டயட் பான கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், எட்டு முதல் பன்னிரண்டு கேன். 'இவ்வளவு யார் குடிக்கப்போகிறார்கள்?' என்று கேட்பவர்கள் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்கே இரண்டு மூன்று கேனிலேயே எல்லை வந்துவிடுகிறது. அதற்காக ஒருநாள் அந்த எல்லையைத் தாண்டினால் ஆபத்து என்று அர்த்தமில்லை. இது ஆயுள் முழுவதற்குமான கணக்கு.

இந்தக் கருத்தை உருவாக்கியதில் முதலில் சொல்லவேண்டிய பெயர், பாரிஸில் நச்சியல் பேராசிரியராக இருந்த ரெனே த்ருஓ. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த ஜெக்ஃபா 1956-இல் முதன்முதலாகக் கூடியது. 1961 வாக்கில் இந்தச் சொல் அதன் அறிக்கைகளில் இடம்பிடித்தது. அதற்கு முன்பே, 1954-இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் லேமனும் ஃபிட்ஸ்ஹியூவும் ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: விலங்குச் சோதனையில் பாதிப்பு தென்படாத அதிகபட்ச அளவை எடு, 100-ஆல் வகு. விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு பத்து என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். அஸ்பார்டேமுக்கு எலிகளில் கிலோவுக்கு 4,000 மில்லிகிராம் வரை பாதிப்பு தென்படவில்லை. 100-ஆல் வகுத்தால் 40. அவ்வளவுதான் கணக்கு.

அந்த 100 இயற்கை விதி எதுவும் இல்லை, நிபுணர்கள் ஒப்புக்கொண்ட எண். அதனால்தான் இந்தச் சொல்லில் 'அக்செப்டபிள்' இருக்கிறது. தமிழில் 'ஏற்கத்தக்க' என்பதே சரி. 'பரிந்துரைக்கப்பட்ட அளவு' என்று எழுதுவது பெரும் பிழை. அது இரும்புச்சத்து, புரதம் போன்றவற்றுக்கு ஐசிஎம்ஆர் சொல்வது. அந்த அளவை எட்ட வேண்டும் என்று பொருள். ஏ.டி.ஐ.யை யாரும் எட்டத் தேவையில்லை. ஜெக்ஃபா அதை '0–40' என்று சுழியத்திலிருந்து தொடங்கி எழுதுவதும் அதனால்தான்.

'அனுமதிக்கப்பட்ட அளவு' என்பதும் வேறு. அது சட்டம். நம் நாட்டில் இனிப்புகளில் செயற்கை நிறமிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று உச்சவரம்பு உண்டு. குழப்பம் எங்கே வருகிறதென்றால், இரண்டுக்கும் அலகு ஒன்றுதான்: கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம். சட்டம் சொல்லும் கிலோ இனிப்பின் எடை. ஏ.டி.ஐ. சொல்லும் கிலோ தின்பவரின் எடை.

அப்புறம், 'பொறுக்கத்தக்க அளவு' என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது ஈயம், பாதரசம், காட்மியம் போல நாம் சேர்க்காமலே உணவில் வந்துவிடும் மாசுகளுக்கு. வேண்டுமென்று சேர்ப்பதை ஏற்கலாம், தானாக வருவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் முடியும் என்று ஜெக்ஃபா சொல்லைப் பிரித்து ஆள்கிறது. ஈயத்துக்கு இருந்த பொறுக்கத்தக்க அளவையும் 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. பாதுகாப்பானது என்று சொல்ல ஓர் அளவு கிடைக்கவில்லை.

சரி, 'பாதிப்பு தென்படாத அளவு' எவ்வளவு நம்பகமானது? எலிகளுக்கு 50, 250, 1,000 என்று மூன்று அளவு கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 1,000-இல் ஈரல் வீங்கியது, 250-இல் ஒன்றும் தெரியவில்லை என்றால் 250-ஐ எடுத்துக்கொள்வார்கள். 600-இல் என்ன ஆகியிருக்கும்? கொடுத்துப் பார்க்கவில்லை. இதைவிட மோசம், குறைவான எலிகளை வைத்துச் சோதித்தால் சின்னப் பாதிப்பு புள்ளியியலில் தெரியாமலே போய்விடும், எல்லை உயர்ந்துவிடும். மோசமான சோதனைக்குக் கிடைக்கும் பரிசு இது. இதற்கு மாற்றாக 1984-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் கென்னி கிரம்ப் முன்வைத்த 'பெஞ்ச்மார்க் டோஸ்' முறை எல்லா அளவுகளின் முடிவுகளையும் ஒரே வளைகோட்டில் பொருத்துகிறது. பாதிப்பு, உதாரணத்துக்குப் பத்து விழுக்காடு, கூடும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் நம்பக எல்லையின் (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பின்) கீழ்முனையை எடுக்கிறது. தரவு மோசமாக இருந்தால் அந்தக் கீழ்முனை இன்னும் இறங்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009 முதல் இதைத்தான் வலியுறுத்துகிறது.

ஜெக்ஃபா பட்டியலில் 'ஏ.டி.ஐ. நாட் ஸ்பெசிஃபைட்' என்று இருப்பதைத் தமிழில் 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுதினால், தகவல் இல்லை போலிருக்கிறது என்று தோன்றும். உண்மையில், உணவில் பயன்படும் அளவுக்கு எண் வைக்கத் தேவையே இல்லாத அளவு நச்சுத்தன்மை குறைவு என்று பொருள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்க்கும் குவார் பிசின் (கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது) இந்த வகை. 'எண் தேவையில்லை' என்று எழுதுவது மேல். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடைக்குக் காரணமான ரோடமின்-பி கதை நேர்மாறு. அது சாயப்பொருள், உணவில் சேர்க்க அனுமதியே இல்லை.

ஏ.டி.ஐ.யைச் சொல்லும்போது யார் ஏற்றது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சூயிங்கத்துக்கு வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடைப் பாருங்கள். மரபணுவைச் சேதப்படுத்தாது என்று உறுதிசெய்ய முடியவில்லை, எனவே அதற்கு ஏற்கத்தக்க அளவே வைக்க முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் சொன்னது. அடுத்த ஆண்டு அங்கே உணவில் அதற்குத் தடை வந்தது. 2023-இல் ஜெக்ஃபா அதே பொருளை ஆராய்ந்து, 'எண் தேவையில்லை' என்ற தன் பழைய முடிவை மாற்றாமல் விட்டது.