சிறந்த குத்துச்சண்டை வீரர் யார்? வாங்கிய அடியையும் எண்ணிச் சொல்லுங்கள்

"அப்பாகிட்ட பாக்ஸிங் பத்திக் கேளுங்க டாக்டர், அப்பதான் வாயைத் தொறப்பாரு" என்றார் மகன். எதிரே இருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது. வடசென்னையில் மீசை முளைக்கும் முன்பே கையுறை மாட்டியவர். குரல் தணிந்து, ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட முழு நிமிடம் ஆனது. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைத் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர் என்று மகன் சொல்லியிருந்தார். அதனால், "உலகத்துலயே பெரிய பாக்ஸர் யாருங்க?" என்று கேட்டபோது அலி பெயரைத்தான் எதிர்பார்த்தேன். "ராபின்சன்" என்றார், கண் பளிச்சிட.

நானும் அந்தக் கட்சிதான். சுகர் ரே ராபின்சன் 1940 முதல் 1965 வரை சுமார் 200 போட்டிகள் ஆடி, 170-க்கும் மேல் வென்றவர். அதில் நூற்றுக்கும் மேல் நாக் அவுட். வெல்டர்வெயிட் என்ற எடைப்பிரிவின் பட்டம் போக, அதற்கு மேற்பட்ட மிடில்வெயிட் பிரிவின் பட்டத்தை ஐந்து முறை பிடித்தார். அலியே தலைமேல் வைத்துக் கொண்டாடியது அவரைத்தான். அலி தரப்பு வாதமும் லேசுப்பட்டதல்ல. 1964-இல் சோனி லிஸ்டனையும், 1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனையும் வீழ்த்தி உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். இடையில் வியட்நாம் போருக்குப் போக மறுத்து, உடல் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகளை இழந்தார்.

ஆனால் இந்த வாதத்தில் எல்லாரும் கொடுத்த அடியைத்தான் எண்ணுகிறார்கள். வாங்கிய அடியின் கணக்கு இருபது, முப்பது வருடம் கழித்து எங்களைப் போன்ற நரம்பியல் மருத்துவர்களிடம் வருகிறது.

1975-இல் அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய மணிலா போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 ரவுண்ட் முடிந்தபோது ஃபிரேசியருக்குக் கண் தெரியவில்லை. அவர் ஆடியே தீருவேன் என்றார். பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் விடவில்லை. அன்று வளையத்தில் நடந்ததிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது ஃபட்ச்சின் அந்த முடிவுதான். அலிக்கு அப்படி உரிய நேரத்தில் தடுக்க ஆள் வாய்க்கவில்லை. 1980 அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்ட் அடி வாங்கினார். அடுத்த ஆண்டு ட்ரெவர் பெர்பிக் என்ற வீரரிடம் தோற்றார். 1984-இல் பார்கின்சன் நோய் என்று தெரிந்தது; அசைவும் குரலும் கையெழுத்தும் சுருங்கிப்போகும் நரம்பு நோய் அது. நோய் முழுவதும் குத்துச்சண்டையால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி அந்த ஆபத்தைக் கூட்டும். பயிற்சியில்கூட எதிராளியை அடிக்கவிட்டுத் தாங்கிப் பழகியவர் அவர்.

ராபின்சனும் தப்பவில்லை. கடைசி ஆண்டுகளில் மறதிநோய், 1989-இல் இறந்தார். அவர் அடித்து 1947-இல் ஜிம்மி டாயில் என்ற வீரர் இறந்தே போனார்.

அடி எப்படி வேலை செய்கிறது? தாடையில் பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. உள்ளே மூளை ஒரு கணம் பின்தங்கி முறுக்கிக்கொள்ள, நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலைக்கவசம் புருவம் கிழியாமல் காக்கும். இந்தத் திருகலைத் தடுக்காது. என் நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் நடுவே ஒட்டியிருக்க வேண்டிய இரண்டு மெல்லிய சவ்வுகள் பிரிந்து, இடையில் திரவம் தேங்கியிருந்தது. பழைய குத்துச்சண்டைக்காரர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். "போட்டியிலயா சார் இவ்ளோ அடி?" என்றார் மகன். போட்டி சொற்பம்; தினசரி ஸ்பாரிங்தான், அதாவது ஜோடி சேர்ந்து அடித்துப் பழகும் பயிற்சிதான் அதிகம் என்றேன்.

பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும் கைகூப்பிச் சொல்கிறேன். நினைவு தப்பினால்தான் மூளைக்கு அடி என்பதில்லை. பையன் ஒரு நொடி திகைத்து நின்றாலும், கேட்டதையே திரும்பக் கேட்டாலும், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தலைவலி ஏறிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், தூங்கி வழிந்தால், ஒரு கண்ணின் பாவை பெரிதாகத் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம். சி.டி. ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் மூளை அதிர்ச்சி இல்லை என்று அர்த்தமல்ல. நாக் அவுட் ஆனவரைக் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கில் இறக்கவே கூடாது. பழைய அடி ஆறும் முன் விழும் இரண்டாவது அடி, சிறியதாக இருந்தாலும், இளம்பிள்ளைகளில் உயிரையே எடுத்திருக்கிறது.

கிளம்பும்போது மகன் தயங்கினார். அவர் பையனும் அதே கிளப்பில் பழகுகிறானாம். நிறுத்தச் சொல்லவில்லை. கயிறு தாண்டட்டும், மணல் மூட்டையைக் குத்தட்டும். தலைக்கு அடி விழும் ரவுண்டுகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள் என்றேன்.

மூன்று மாதம் கழித்து நோட்டு வந்தது. தேதி, எத்தனை ரவுண்ட், அன்றிரவு தலைவலி உண்டா. எழுதியிருந்தவர் தாத்தா. ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கி, போகப் போகச் சுருங்கி, கடைசிச் சொல் எறும்பளவுக்கு வந்திருந்தது. மேசை விளக்கை அருகில் இழுத்துப் படித்தேன்: "ஸ்பாரிங் இல்லை. நான்தான் வேணாம்னேன்."