பிளாக் எடிட்டரில் பழைய பதிவுகள் ஏன் உடைகின்றன?

வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 5.0 பதிப்பு 2018 டிசம்பர் 6 அன்று வெளியானது. அதுவரை பதிவு எழுத இருந்தது டைனிஎம்சிஇ என்ற ஒரே ஒரு பெரிய எழுத்துப்பெட்டி. பிளகின் (வேர்ட்பிரஸுக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதுபவர்கள் அதற்குள் சதுர அடைப்புக்குறி போட்ட ஷார்ட்கோடுகளை, அதாவது பக்கம் காட்டப்படும்போது உள்ளடக்கமாக மாறும் குறிச்சொற்களை, நுழைத்தார்கள். கீழே கூடுதல் விவரம் நிரப்பும் படிவங்களான மெட்டா பாக்ஸ்களைத் தொங்கவிட்டார்கள். பெரும்பாலான வேலை சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியிலேயே முடிந்துவிடும். 5.0-உடன் வந்த குட்டன்பெர்க் என்ற பிளாக் எடிட்டரோ ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு உலாவிக்குள் ஓடுவது. பத்தி, படம், பட்டியல் எல்லாமே அதில் தனித்தனி பிளாக். 2015-லேயே வேர்ட்பிரஸின் இணை நிறுவனர் மேட் முல்லன்வெக் ஜாவாஸ்கிரிப்டை ஆழமாகக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஏன் சொன்னார் என்பது மூன்று ஆண்டு கழித்துப் புரிந்தது.

மொழியைக் கற்றுக்கொண்டு சமாளித்துவிடலாம். பிளகின்காரரை அதிகம் படுத்துவது, ஒருமுறை சேமித்த பிளாக் டேட்டாபேஸில் எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்கிற விஷயம்.

பிளாக்குகளுக்கென்று தனி அட்டவணை எதுவும் கிடையாது. பழைய காலத்தைப் போலவே முழுப் பதிவும் ஒரே எச்டிஎம்எல் துண்டாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஒரு பிளாக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எச்டிஎம்எல் கமென்ட்கள் குறிக்கின்றன. தொடக்கக் கமென்டில் பிளாக்கின் பெயரும், பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவில் அதன் பண்புகளும் (அமைப்பு விவரங்கள்) இருக்கும். உலாவி கமென்ட்களைக் காட்டாது என்பதால் வாசகருக்கு எதுவும் தெரியாது. பிளகினை நிறுத்தினாலும் எழுதிய வரிகள் பக்கத்தில் அப்படியே நிற்கும். ஷார்ட்கோடில் இது நடக்காது; பிளகின் போனால் அடைப்புக்குறி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். குட்டன்பெர்க் குழு எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன்.

பதிவை மறுபடி எடிட்டரில் திறக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு செயல்பாடுகள் உண்டு. எடிட்டருக்குள் அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை ‘எடிட்’ சொல்கிறது. சேமிக்க வேண்டிய எச்டிஎம்எல்லை ‘சேவ்’ தருகிறது. பதிவைத் திறந்ததும் எடிட்டர் கமென்ட்களைப் படித்துப் பண்புகளைத் திரட்டும். சில பண்புகளைக் கமென்டிலிருந்தும், சிலவற்றை எச்டிஎம்எல்லுக்குள்ளிருந்தும் எடுக்கும். அந்தப் பண்புகளை ‘சேவ்’ செயல்பாட்டிடம் கொடுத்து, வருகிற விடையைச் சேமித்து வைத்ததோடு ஒப்பிடும். வங்கியில் காசோலைக் கையெழுத்தைப் பழைய மாதிரியோடு ஒத்துப்பார்ப்பார்களே, அது மாதிரி. இடைவெளி, எச்டிஎம்எல் பண்புகளின் வரிசை போன்ற சின்ன வேறுபாடுகளை மன்னித்துவிடும். மற்றபடி பொருந்தாவிட்டால், பிளாக்கில் எதிர்பாராத அல்லது செல்லாத உள்ளடக்கம் இருக்கிறது என்ற எச்சரிக்கை வந்து உட்காரும்.

உதாரணமாக, பதிவுக்குள் வாசகருக்கு எச்சரிக்கை காட்டும் பெட்டி பிளாக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் பதிப்பில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பத்தி. அடுத்த பதிப்பில் ஓரத்தில் ஒரு ஐகான் சேர்க்கிறீர்கள். ‘சேவ்’ இப்போது வேறு எச்டிஎம்எல் தருகிறது. ஏற்கெனவே எழுதிய அத்தனை பதிவுகளிலும் ஒப்பீடு தோற்கிறது. தளத்துக்கு வரும் வாசகர் பழைய எச்டிஎம்எல்லையே பார்ப்பதால் அங்கே ஒரு குறையும் தெரியாது. யாரோ ஒருவர் பழைய பதிவில் எழுத்துப்பிழை திருத்தத் திறக்கும்போதுதான் புகார் கிளம்பும், அதுவும் பல மாதம் கழித்து.

எடிட்டர் ஏன் இவ்வளவு கறார்? யாராவது எச்டிஎம்எல்லைக் கையால் திருத்தியிருக்கலாம். ஒப்பிடாமல் ‘சேவ்’ விடையை அதன்மேல் எழுதிவிட்டால் அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

இதற்கு மருந்து, பழைய ‘சேவ்’ செயல்பாடுகளையும் பண்புகளையும் தூக்கிப்போடாமல் கைவிடப்பட்டவை என்ற பட்டியலில் வைத்திருப்பது. ஒப்பீடு தோற்றால் எடிட்டர் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக முயன்று, பொருந்துவதைப் பிடித்து, பண்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இது சங்கிலி இல்லை. முதல் பதிப்பு இரண்டாவதாக மாறி, அப்புறம் மூன்றாவதாக மாறாது. எந்தப் பழைய பதிப்பும் நேராக இன்றைய பதிப்புக்குத்தான் தாவும். ஆகவே பண்புகளை மாற்றினால் எல்லாப் பழைய மாற்று விதிகளையும் திருத்தியாக வேண்டும். போதாததற்கு, யாராவது திறந்து சேமிக்கும்வரை டேட்டாபேஸில் இருப்பது பழைய வடிவமே. பழைய நிரலை என்றைக்கு அழிக்கலாம் என்றால், எந்த நாளும் பத்திரமில்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் டைனமிக் பிளாக் எழுதலாம். இதில் ‘சேவ்’ எதையும் தராது. டேட்டாபேஸில் கமென்டும் பண்புகளும் மட்டும் இருக்க, பக்கம் கேட்கப்படும்போது பிஎச்பி எச்டிஎம்எல்லை உண்டாக்கும். ஷார்ட்கோடு எழுதிப் பழகியவருக்கு இது சொந்த வீடு: இரண்டிலும் செயல்பாட்டுக்கு முதலில் வருவது பண்புகள், அடுத்தது உள்ளடக்கம். பழைய நிரலைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் பிளகினை நிறுத்தினால் பெட்டி மாயமாகிவிடும். விலை, அண்மைப் பதிவுகள் மாதிரி மாறிக்கொண்டே இருப்பவற்றுக்கு இது சரி. எழுத்தாளர் தட்டிய வரிகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே உள்ளே இருக்கும் பத்திகளை எச்டிஎம்எல்லாகச் சேமித்து, சுற்றியுள்ள பெட்டியை மட்டும் பிஎச்பியிடம் விடுவது நல்ல நடுவழி.

மெட்டா பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி. புதிய எடிட்டர் பதிவை முதலில் ரெஸ்ட் ஏபிஐ (நிரல்கள் வலை வழியே தரவு பரிமாறும் வாசல்) வழியாக அனுப்புகிறது. மெட்டா பாக்ஸ் படிவங்கள் அதன்பிறகு தனிக் கோரிக்கையில் போகின்றன. சேமிக்கும்போது ஓடும் உங்கள் நிரல் இரண்டு முறை இயங்கும், முதல் முறை படிவம் காலியாக இருக்கும். அதைச் சோதிக்காத பிளகின் நல்ல மதிப்பை வெறுமையால் அழித்துவிடும். மெட்டாவை ரெஸ்டில் தெரியும்படி பதிவு செய்து, பக்கப்பட்டையில் ஒரு பேனல் வைப்பதே நிரந்தரத் தீர்வு.

2023-இல் வந்த 6.3 பதிப்பு எழுதும் பரப்பை ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் தனிப் பக்கமாக இயங்கும் சட்டத்துக்குள், வைத்தது. நிர்வாகப் பக்கத்தின் சிஎஸ்எஸ் உள்ளே கசியாது. ஆனால் அந்தப் பதிப்பில், நிறுவியிருந்த பிளாக்குகளில் ஒன்று பழைய ஏபிஐ பதிப்பில் (பிளாக் எழுதும் விதிமுறையின் பதிப்பு) இருந்தாலும் ஐஃப்ரேம் கைவிடப்பட்டது. ஒரு சோம்பேறி பிளகின் மொத்தத் தளத்தையும் பிடித்து வைத்தது. மூன்றாம் ஏபிஐ பதிப்புக்கு மாறும்போது முதலில் பார்க்க வேண்டியது, நிரலில் பக்கம் முழுவதையும் குறிக்கும் ‘டாக்குமென்ட்’ என்பதை நேரடியாகக் கூப்பிட்டிருக்கும் இடங்களை. ஐஃப்ரேமுக்குள் இருக்கும் பிளாக்கின் டாக்குமென்ட் வேறு. அதை அந்த உறுப்பிடமே கேட்டு வாங்க வேண்டும்.