சிறப்பு விடுப்பு மனு: யாருக்கு லீவு?

'சிறப்பு விடுப்பு மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது' என்ற வரியை நேற்று மறுபடியும் படித்தேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். படித்ததும் பள்ளிக்கூடத்தில் 'காய்ச்சல் காரணமாக' என்று எழுதிக் கொடுத்த கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. உச்ச நீதிமன்றத்தில் யாருக்குக் காய்ச்சல்?

ஆங்கிலத்தில் இந்த மனு 'ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன்'. அதில் வரும் 'லீவ்' என்ற சொல்லின் பழைய பொருள் அனுமதி. வேலைக்கு வராமலிருக்க வாங்கும் அனுமதியும் அதே பெயரில் வழங்கி, கடைசியில் விடுமுறைக்கே பெயராகிவிட்டது. தமிழ் 'விடுப்பு' அந்தக் கடைசிப் பொருளுக்கு மட்டும்தான் ஆகும். யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் ஊர்வம்பு. பெரிய வழக்குகளைச் சுற்றி நடப்பதற்கு அது பொருந்தலாம், மனுவுக்குப் பொருந்தாது. 'சிறப்பு அனுமதி மனு' என்று நல்ல வழக்கு இருக்கும்போது, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவது என்ன மொழிபெயர்ப்போ!

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'சிறப்பு இசைவு மனு' என்பார்கள். அனுமதி வடசொல், சரி. ஆனால் இசைவு என்றால் இரு தரப்பு ஒத்துப்போவது என்ற சாயல் இருக்கிறது. இங்கே ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் விருப்பம் இருந்தால் தருகிறார். எனக்கு அனுமதியே போதும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. அரசமைப்பின் 136ஆம் பிரிவில் எல்லாமே இந்த அனுமதியில்தான் நிற்கிறது. மேல்முறையீட்டுக்கு உரிய வழக்கு என்று உயர் நீதிமன்றம் சான்று கொடுத்து மேல்முறையீடு வருகிற வழி தனி. அது இல்லாதவர், 'என் மேல்முறையீட்டைக் கேட்க அனுமதி தாருங்கள்' என்று இந்தப் பிரிவின்கீழ் மனு போடுகிறார். தருவதும் மறுப்பதும் உச்ச நீதிமன்றத்தின் விருப்புரிமை. அனுமதி கிடைத்த பிறகுதான் மேல்முறையீடு என்ற ஒன்றே பிறக்கிறது. அதற்கு முன் வாசலில் நின்று கதவைத் தட்டுவது மட்டும்தான்.

அப்புறம் எப்படி 'மேல்முறையீடு தள்ளுபடி' என்று தலைப்பு போடுகிறார்கள்? பிறக்காத பிள்ளைக்கு இரங்கல் செய்தி! 'மனு தள்ளுபடி' என்றால் பிழையில்லை. ஆணையிலும் மனு தள்ளுபடி என்றுதான் இருக்கும். ஆனால் தள்ளுபடி என்ற சொல்லே ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது: கடன் தள்ளுபடி, துணிக்கடைத் தள்ளுபடி, விசாரித்து முடித்துத் தோற்ற வழக்கும் தள்ளுபடி, விசாரிக்கவே எடுக்காததும் தள்ளுபடி. படிப்பவர் இதில் எதை எடுத்துக்கொள்வார்?

இதைவிட மோசம் 'தீர்ப்பை உறுதி செய்தது உச்ச நீதிமன்றம்' என்பது. காரணம் சொல்லாமல் அனுமதி மறுத்தால், கீழே வந்த தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாகாது. 2000ஆம் ஆண்டு குஞ்ஞையம்மது எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே அதன் சொந்தப் பெயரில் நிற்கும்; உச்ச நீதிமன்ற ஆணைக்குள் கரைந்துவிடாது. அதனால் அதே உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கிற வழியும் அடைபடாது. அனுமதி தந்து, மேல்முறையீட்டை விசாரித்து முடித்திருந்தால் கதை வேறு: கீழ்த் தீர்ப்பு மேலதற்குள் கலந்துபோகும். மறுக்கும்போதே காரணத்தோடு சட்டத்தை விளக்கி எழுதியிருந்தால், அந்த விளக்கம் 141ஆம் பிரிவின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். இவ்வளவு வேறுபாட்டையும் 'உறுதி' என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது.

அமெரிக்கச் செய்திகளிலும் இதே கூத்து. அங்கே உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 4 பேர் விரும்பினால் வழக்கை எடுப்பார்கள், இல்லையென்றால் இல்லை. எடுக்காததை ஒப்புதலாகப் படிக்காதீர்கள் என்று அந்த நீதிமன்றத்தின் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் 1950இலேயே எழுதிவைத்தார். நம் மொழிபெயர்ப்பு மேசைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

'மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுப்பு' என்று எழுதுங்கள் என்றால், தலைப்பில் இடம் போதாது என்பார்கள். 'அனுமதி மறுப்பு' என்று மட்டும் போடலாமே. 'தீர்ப்பு உறுதி'யும் இரண்டு சொல்தான்.